ஒரு சொம்புச் சூடு

மொக்கராசுவின் வெள்ளைக் கார் தன் சூட்டைத் தானே சுமக்காமல், தனக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் உடம்பில் இறக்கிவைக்கத் தொடங்கியது தை மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு என்று கரட்டுத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்; அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுப் போதுமணி தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, தன்னை யாரோ உலையில் போட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் படியில் உட்கார்ந்தாள், அந்த நேரத்தில்தான் மொக்கராசுவின் கார் ஆண்டிபட்டிக் கணவாயில் மதுரையைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது, அன்று காலை அந்தக் காருக்கு ஒரு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவளும் போதுமணிதான். நடந்தது இவ்வளவுதான். ஏன் நடந்தது என்று கேட்டு நேரத்தை வீணாக்கிய ஆள் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.

கார் எண்பத்தேழாம் வருஷத்தது. ஒரு காலத்தில் கல்யாணங்களுக்கும் காதுகுத்துகளுக்கும் வாடகைக்கு ஓடியது, இப்போது மொக்கராசுவின் மனைவி வேலுத்தாயை மட்டும் ஏற்றிக்கொண்டு வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மதுரைக்குப் போய் வந்தது, ஏனென்றால் வேலுத்தாயின் இரண்டு சிறுநீரகங்களும் வேலையை விட்டு நின்றுபோய் இரண்டு வருஷமாகியிருந்தது, அவள் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிற மெஷின் கணவாய்க்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பார்த்தான். திரும்பி வரும்போது ரத்த அழுத்தம் இறங்கி உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவள் மயங்கி விழுந்த அன்றோடு பஸ்ஸை விட்டான். வாரம் இரண்டு தடவை வாடகைக் கார் பிடிக்கிற வசதி அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை போக முடியாமல் போனதில் வேலுத்தாயின் முகமும் காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, திங்கள்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். அடுத்தடுத்து இரண்டு தடவை விட்டுவிட்டால் அப்புறம் கூட்டிவர வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாளைக்கு ஐந்து சின்ன டம்ளர், அதற்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது வேலுத்தாய்க்கு உத்தரவு. அந்த ஐந்து டம்ளரையும் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றிவைத்து, நாள் முழுக்க நாக்கை நனைத்துக்கொள்வாள். இதுபோக எந்நேரமும் குளிர் அவளுக்கு. சித்திரை வெயிலிலும் கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, "குளுருதுங்க" என்பாள், அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் மொக்கராசு போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிடுவான்.

அந்த உடம்பைச் சுமந்துபோகிற கார் கணவாயில் ஏறும்போதெல்லாம் கொதித்தது, திரும்பி வரும்போது மாலைக் காற்றில் அந்தத் தொல்லை இல்லை. மொக்கராசு சும்மா இருந்த ஆளில்லை. ரேடியேட்டர் மூடியை மாற்றினான், ஹோஸ் பைப்பை மாற்றினான், ஒழுகலுக்கு மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினான், அதனால் ஒழுகல் நின்றதோ இல்லையோ, கார் கொதிக்கும்போது பந்தியில் சாம்பார் வருகிற வாசம் வந்தது. தண்ணீரைத் திறந்து மூடுகிற வால்வைப் பல வருஷத்துக்கு முன்பே ஒரு மெக்கானிக் கழற்றிக் குப்பையில் போட்டிருந்தார். நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு என்று எல்லா மெக்கானிக்கும் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

அப்படிக் கொதித்துக்கொண்டிருந்த கார்தான் போதுமணி தண்ணீர் கொடுத்த அன்று, சூடு காட்டுகிற முள் பாதியைத் தாண்டாமல் கணவாய் ஏறி இறங்கியது. சாயங்காலம் சந்தோஷமாகத் திரும்பி வந்தவனை ஈரத் துண்டோடு போதுமணி வாசலில் மறித்தாள்.

"ஏண்ணே, கார்ல என்னத்தக் கலந்த? நீ ஏற ஏற எனக்கு எரிஞ்சது, நீ எறங்குன நேரம் எனக்கு எறங்கிருச்சு."

அந்த வெள்ளிக்கிழமை டீக்கடை பவுன்ராசு தண்ணீர் கொடுத்தார், ஏழரை மணிக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்த கையோடு வியர்த்து வழிந்து பெஞ்சில் சாய்ந்தார், கார் குளுகுளு என்று ஏறிப் போனது. அதற்கடுத்த செவ்வாய் கடைசி வீட்டுச் சுருளியம்மாள் தானாகவே ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுத்துக் கொடுத்துச் சலித்தவள், இந்தச் சூடு இறங்குகிறதா பார்ப்போம் என்று ஊற்றினாள், ஏழரை மணிக்குச் சிவந்துபோய்க் கிடந்தாள், எட்டு மணிக்கு எழுந்து கரட்டுமேடு வரைக்கும் நடந்து திரும்பினாள். அதோடு போயிற்று. சளி பிடித்தவர்கள், முதுகுப் பிடிப்புக்காரர்கள், மதுரையிலிருந்து வந்த ஒரு வாதநோய்க்காரர் என்று செவ்வாயும் வெள்ளியும் மொக்கராசுவின் வாசலில் குடத்தோடு வரிசை நின்றது. மொக்கராசு தானே ஊற்றிப் பார்த்ததும் உண்டு. தன் காருக்குத் தானே ஊற்றினால் அது கொடுத்ததாக ஆகாது போலிருக்கிறது, முதல் வளைவிலேயே கொதித்தது. கடையில் வாங்கிய பச்சை நிறக் கூலன்ட் தண்ணீரும் அப்படித்தான். கொடுக்கிற கை ஒன்று வேண்டும், அது இன்னொருவர் கையாக இருக்க வேண்டும்.

வீரணன் என்று ஒரு ஆள், மூட்டை தூக்குகிறவன், மலை மாதிரி இருப்பான். "ஒரு கார் சூட்டுக்கு இம்புட்டுப் பேரு எதுக்கு? நான் ஒருத்தனே ஏத்திவிடுறேன்" என்று தொடர்ந்து மூன்று தடவை ஊற்றினான். மூன்றாவது தடவை கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து ஏற்றத்திலேயே முக்கால் மணி நேரம் எல்லா வண்டியும் நிற்க வேண்டியதாகிவிட்டது. இங்கே வீரணனுக்கு நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது, தோளில் கொப்புளம் கிளம்பியது, கண் மேலே சொருகியது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய வீரணன் அதன்பின் வெயிலைக் கண்டால் ஒதுங்கி நடந்தான். ஒற்றை ஆள் சுமந்தால் உயிருக்கு ஆபத்து என்று அன்றைக்குத்தான் தெருவுக்கு விளங்கியது.

பிறகு வேப்பமரத்தடியில் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். எவ்வளவு தண்ணீர் என்பதில் ஒன்றும் இல்லை, கொடுத்த கை எத்தனை என்பதில்தான் இருக்கிறது, இருபத்திரண்டு வீடு இருக்கிறது, வீட்டுக்கு ஒரு சொம்பு ஊற்றினால் ஆளுக்கு லேசான வியர்வையோடு போய்விடும் என்று சுருளியம்மாள் சொன்னாள். அப்படியே செய்தார்கள். அந்த ஒன்றரை மாதம் கரட்டுத்தெரு இருந்த மாதிரி முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. செவ்வாயும் வெள்ளியும் விடிந்ததும் இருபத்திரண்டு சொம்புகள் வரும், வேலுத்தாய் போர்வைக்குள்ளிருந்து ஒவ்வொருவரையும் பார்த்துக் கும்பிடுவாள், கார் புறப்படும், ஏழரை மணிக்கு இருபத்திரண்டு வீட்டிலும் தறிகள் ஒரே நேரத்தில் நிற்கும், எல்லோரும் முந்தானையாலும் துண்டாலும் விசிறிக்கொண்டு வாசலில் வந்து உட்காருவார்கள், "வேலுத்தாயி கணவா ஏறுறா" என்று யாராவது சொல்வார்கள், "இந்தா, ரெண்டாவது வளைவு" என்று இன்னொருவர் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார், கடைசியில் எல்லோர் உடம்பும் ஒன்றாகக் குளிர்ந்து, "எறங்கிட்டா" என்று பெருமூச்சு விட்டுவிட்டுத் தறிக்குத் திரும்புவார்கள்.

சித்திரை பிறந்தது. வெயில் நூற்று ஐந்தைத் தொட்டது. அவரவர் சூட்டைச் சுமப்பதே பெரும்பாடாக இருக்கிற மாதத்தில் அடுத்தவர் சூட்டை எவ்வளவு நாள் சுமப்பது. முதலில் சொம்பு பாதியாக வந்தது. பாதிச் சொம்புக்குப் பாதிச் சூடு என்று யாரோ நம்பினார்கள். பிறகு மருமகளை மாமியார் அனுப்பினாள், மாமியாரை மருமகள் அனுப்பினாள், அதில் ஒரு வீட்டில் சண்டை வந்து அடுப்பு பிரிந்தது. போதுமணி வாயும் வயிறுமாக இருந்த தன் மகளை இனிமேல் இந்தக் காரின் பக்கமே வரக்கூடாது என்றாள், அதில் நியாயம் இருந்தது. யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் கொடுமை. செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டில் இல்லாமல் போனார்கள். ரேஷன் கடைக்குப் போனார்கள், குலதெய்வம் கும்பிடப் போனார்கள், எங்கும் போகாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தறிச் சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள். இருபத்திரண்டு பதினைந்தானது, ஒன்பதானது, நான்கானது. ஒரு வெள்ளிக்கிழமை மொக்கராசு பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை நின்றான், ஒரு சொம்பும் வரவில்லை.

வேலுத்தாய் காருக்குள் உட்கார்ந்தபடி சொன்னாள், "யாரையும் வையாதீங்க. அவுகளும் எத்தன நாளைக்கு."

அவன் யாரையும் வையவில்லை. அன்று கணவாய்க்கு இந்தப் பக்கமே கார் கொதித்து நின்று, வேலுத்தாயை ஒரு பால்வண்டியில் ஏற்றிவிட்டுக் கெஞ்சிக் கூத்தாடி மதுரை போய்ச் சேர்ந்தான். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் வாசலில் காரைப் பிரித்துப்போட்டு வேலை செய்தான். பழைய இரும்புக் கடையில் ஒரு டெம்போவின் பெரிய ரேடியேட்டரை வாங்கி வந்து, முன்பக்கத் தகரத்தை வெட்டிப் பொருத்தினான். குப்பையில் போன வால்வுக்குப் பதில் புது வால்வு மாட்டினான். பேட்டரியில் ஓடுகிற ஃபேன் ஒன்றை முன்னால் கட்டினான். என்ஜினுக்குள் ஹோஸை விட்டுத் தண்ணீரைப் பீய்ச்சினான், செம்மண்ணும் கரிசல் மண்ணும் உப்புப் பொருக்குமாக முப்பது வருஷத்து ஊர்க் கிணறுகள் எல்லாம் வெளியே வந்து விழுந்தன, வழியில் நின்ற காருக்குத் தண்ணீர் இல்லை என்று எந்த ஊரிலும் ஒருவரும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. தெரு கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவன் வேலையை முடித்து நிமிர்ந்தபோது தறிகள் வேகமாக ஓடின.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது வளைவில் முள் சிவப்பைத் தொட்டது. மனுஷ உடம்பில் இறக்கிவைத்துப் பழகிய கார் புது இரும்பை மதிக்கவில்லை. சாம்பார் வாசம் கிளம்பியது. நடுக்கணவாயில் வண்டிகள் ஒதுங்குகிற இடத்தில் ஒரு புளியமரம், அதனடியில் கூடை வைத்து வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பெருமாயி என்ற பெண் தனியாக இருந்தாள். மொக்கராசு அங்கே நிறுத்தினான். வேலுத்தாய் பின்சீட்டில் கண்ணை மூடியிருந்தாள், அவள் மூச்சு இழுக்கிற சத்தம் அவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அவன் பெருமாயியிடம் போய், "ஆத்தா, பேசண்டு ஒண்ணு கார்ல இருக்கு. குடிக்கத் தண்ணி வேணும்" என்றான்.

அவள் தன் குடத்தையே தூக்கிக் கொடுத்தாள். "பாவம், வயிறாரக் குடிக்கச் சொல்லுய்யா."

அந்தத் தண்ணீரை அவன் ரேடியேட்டரில் ஊற்றினான். தூக்கியிருந்த பானெட் பெருமாயியின் பார்வையை மறைத்தது. முள் இறங்கியது. மீதிக் கணவாயை ஏறி இறங்கி, மெஷின் நேரத்துக்கு வேலுத்தாயைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தான்.

சாயங்காலம் திரும்பி வரும்போது புளியமரத்தடியில் கூட்டம். வெள்ளரிப்பிஞ்சுகள் சிதறிக் கிடந்தன. ஈரச் சேலையைப் போர்த்தி பெருமாயியைக் கிடத்தியிருந்தார்கள், முகமெல்லாம் வெந்து சிவந்திருந்தது, கூட்டத்தில் ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார். வெயில் அடித்துவிட்டது, காலையிலிருந்து கிடக்கிறாள், இப்போதுதான் கண் திறந்தாள் என்றார்கள். மொக்கராசு காரை நிறுத்தவில்லை. வேலுத்தாய் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"காலையில குடத்த வாங்குனீங்கல்ல."

அவன் கியரை மாற்றினான்.

"என்னான்னு சொல்லி வாங்குனீங்க?"

"குடிக்கன்னு."

  புருஷன் கெட்டவனில்லை என்று வேலுத்தாய்க்குத் தெரியும், தனக்காகத்தான் செய்தான் என்றும் தெரியும், அந்தத் தனக்காக என்பதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. மொக்கராசு புதன்கிழமை ரேடியேட்டரின் அடிமூடியைத் திறந்து பெருமாயியின் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை வடித்துவிட்டு, மூன்று தடவை கழுவி, கடையில் வாங்கிய பச்சைக் கூலன்ட்டை நிரப்பினான். அவள் உடம்பிலிருந்து தன் காரை அவிழ்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். வியாழக்கிழமை ஒரு தப்பைக் கண்டுபிடித்தான்: புது ஃபேனின் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறான், காற்றை உள்ளே இழுப்பதற்குப் பதில் அது வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது, எதிர்க்காற்றும் அதுவும் மோதிக்கொண்டு ரேடியேட்டருக்கு மூச்சே இல்லாமல் இருந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு வயரை மாற்றினான். இனிமேல் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை என்று வேலுத்தாயிடம் போய்ச் சொன்னான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை புறப்பட்டார்கள். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு. முள் அசையவில்லை. மொக்கராசு வாய்விட்டுச் சிரித்தான், ஒரு வயர், ஒரே ஒரு வயர், இதற்காகவா ஊரையே எரித்தோம் என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். வேலுத்தாய் கம்பளிப் போர்வையை உதறிக் கீழே தள்ளியிருந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

"கண்ணாடிய எறக்குங்க" என்றாள்.

அவள் மடியில் தண்ணீர் பாட்டில் கிடந்தது. காலியாக இருந்தது. அன்றைய ஐந்து டம்ளரும் அதில் இல்லை, அவள் குடித்திருந்தால் உதடு அப்படி வெடித்திருக்காது.

"என்ன செஞ்ச வேலு?"

"நீங்க பல்லு வெளக்கப் போனப்ப ஊத்துனேன். என் உசுரக் கொண்டுபோற வண்டிக்கு நான் குடுக்காம யாரு குடுப்பா? நிறுத்தாதீங்க. நல்லாத்தான் இருக்கு. கதகதன்னு இருக்கு."

மலை மாதிரி இருந்த வீரணனைச் சாய்த்த சூடு, முப்பத்தெட்டுக் கிலோ உடம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வளைவில் அவள் கதகதப்பு என்று சொல்வதை நிறுத்தினாள். அதற்கடுத்த வளைவில் தலை கதவில் சாய்ந்தது. நிறுத்தலாம் என்றால், ஏற்றத்தில் நிறுத்திய என்ஜினில் சூடு இறங்குவதற்கு முன் இன்னும் ஏறும் என்பது பழைய கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். போகலாம் என்றால் இன்னும் பாதிக் கணவாய் பாக்கி இருந்தது. வழி ஒன்றுதான். சூட்டைப் பங்கு போட வேறு கை வேண்டும். புளியமரம் வந்தது.

பெருமாயி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் தோல் உரிந்திருந்தது. அவனைப் பார்த்ததும், "அன்னைக்கு வந்தவுக தானய்யா? வீட்டுக்காரம்மா எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

மொக்கராசு அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். கார் சூட்டை இறக்குகிற விதத்தைச் சொன்னான், அவள் கொடுத்தது குடிக்கப் போகவில்லை என்று சொன்னான், அவளைச் சுட்டது வெயில் இல்லை என்று சொன்னான், இப்போது உள்ளே தன் மனைவி எரிந்துகொண்டிருக்கிறாள் என்று சொன்னான். சொல்லும்போதே அழுதான். மறுபடி கொடு என்று கேட்க மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை.

 பெருமாயி எட்டிக் காரைப் பார்த்தாள்.

"அன்னைக்கே சொல்லிட்டுக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்ல" என்றாள்.

அவனுக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவள் எழுந்தாள். குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு முதலில் தன் தலையில் ஊற்றிக்கொண்டாள், இன்னொரு சொம்பு மொண்டு அவன் கையில் கொடுக்காமல் தானே நடந்துபோய், அவன் துணியைச் சுற்றி மூடியைத் திறந்ததும், பார்த்து நிதானமாக ஊற்றினாள். ஊற்றிவிட்டுத் திரும்பும்போதே அவள் கழுத்து சிவக்க ஆரம்பித்தது.

"அந்தம்மா கையும் என் கையும் பத்தாதுய்யா. போ. ரோட்டுல வாரவுககிட்டச் சொல்லு. சொல்லிட்டுக் கேளு."

மொக்கராசு சொம்பை ஏந்திக்கொண்டு ரோட்டில் இறங்கினான். ஒரு வேன்காரனிடம் சொன்னான், அவன் சிரித்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனான். பைக்கில் வந்த புருஷன் பெண்டாட்டியிடம் சொன்னான், பெண்டாட்டி இறங்கினாள், புருஷன் வேண்டாம் என்றான், அவள் பேசாமல் போய் ஒரு சொம்பு ஊற்றிவிட்டு வந்து ஏறிக்கொண்டாள். கோழி லாரி டிரைவர் ஒருவர் முழுக்கக் கேட்காமலே தன் கேனை எடுத்தார், கேட்டுவிட்டு ஊற்றுங்கள் அண்ணே என்று மொக்கராசு அவர் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் சொன்னான், அவர் கேட்டுவிட்டு, "ரேடியேட்டருக்குத் தண்ணி இல்லைன்னு எப்பிடிய்யா சொல்றது" என்று ஊற்றினார். பதினான்கு பேரிடம் சொன்னான். ஒருவன் திட்டினான், ஒருவர் விபூதி பூசிவிட்டுப் போனார், ஏழு பேர் ஊற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொன்னான், குடிக்கத் தண்ணீர் என்று பொய் சொல்லி வாங்கியதையும் விடாமல் சொன்னான். ஒவ்வொருவர் ஊற்றியதும் ஓடிப்போய் வேலுத்தாயின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது. அப்புறமும் சுட்டது. அப்புறம் கொஞ்சம் குறைவாகச் சுட்டது.

ஏழாவது ஆள் மூடியைச் சாத்திவிட்டுப் போன பிறகு அவன் பின்கதவைத் திறந்தபோது அவள் கண்ணைத் திறந்திருந்தாள். உதட்டை நாக்கால் தடவினாள். பெருமாயி புளியமரத்தடியில் அட்டையால் விசிறிக்கொண்டு, வியர்த்த முகத்தோடு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலுத்தாய் மெதுவாகத் தோளைக் குறுக்கினாள். "இந்தாங்க" என்றாள். "லேசாக் குளுருது."

மொக்கராசு கீழே கிடந்த போர்வையை எடுத்து, மண்ணைத் தட்டி, அவள் கழுத்துவரை போர்த்திவிட்டான். பிறகு அழுதுகொண்டே போய் வண்டியை எடுத்தான்.